வராதவர் புத்தகம்

ஹெப்ரோன் பல்கலைக்கழகம்,
அலபாமா.
மார்ச் 8, 1960

அன்புள்ள வான்சீல்,

எனக்கு உடம்பு நன்றாகவே இருக்கிறது. உனக்கு எப்படி என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, கேட்காமலும் தொடங்க முடியவில்லை. தாடையைக் கம்பியால் கட்டியிருப்பதாகவும் ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது என்றும் அம்மா எழுதியிருந்தாள். பெரியம்மா கீரைச் சாறும் சோளக் கஞ்சியும் குழாய் வைத்துக் கொடுக்கிறாளாமே. வேண்டாம் என்று தள்ளாதே.

வியாழக்கிழமை நடந்தது உனக்குப் பாதிதான் நினைவிருக்கும் என்பதால் எழுதுகிறேன். நான் நூலக ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். காலை பத்து மணி. ஷெரீஃபின் ஆட்கள் மூன்று வண்டிகளில் வந்தார்கள். தட்டச்சு செய்த தாள் ஒன்று தடியன் ஒருவனின் கையில் இருந்தது. அவன் ஒவ்வொரு பெயராகத் தடுமாறித் தடுமாறிப் படித்தான். உன் பெயரில் சிக்கிக்கொண்டு நின்றான். நீ பெண்கள் விடுதிப் படியிறங்கிப் போய், "இப்படி எழுத்துக் கூட்டிக்கிட்டிருந்தா சாயங்காலம் ஆயிடும் சார். குடுங்க, நானே படிச்சுச் சொல்றேன்" என்றாய். புல்வெளியில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவன் துப்பாக்கியைத் திருப்பி அடிக்கட்டையால் உன் முகத்தில் இடித்தான். எலும்பு முறியும் சத்தம் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

மற்றவர்களை மண்வெட்டிக் கைப்பிடிகளால் அடித்தார்கள். ரேஃபோர்ட் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். "எதுக்கு சார்? நான் என்ன பண்ணேன் சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கேட்கும்போதெல்லாம் தலையிலேயே அடித்தார்கள்.

அவன் சனிக்கிழமை மத்தியானம் இறந்துபோனான். இதை உன்னிடம் இன்னும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உன் சட்டையைத் துவைத்துவிட்டேன். காலரில் இருந்தது மட்டும் போகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
டேலியா

*

கோல்டர்ஸ் க்ரீக்,
மார்ச் 13

அன்புள்ள டேலியா,

நலமா என்று நீ கேட்டதற்குப் பதில்: முகத்தின் இடது பக்கம் கத்தரிக்காய் நிறம். இரண்டு பல் இல்லை. உனக்கும் சித்திக்கும் சளித் தொல்லை இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு இப்போது ஒரு தும்மல் வந்தால் செத்தேன்.

அம்மாவிடம் சிலேட்டில் எழுதித்தான் பேசுகிறேன். "இருபது வருஷத்துல இந்த வீடு இவ்வளவு நிம்மதியா இருந்ததே இல்ல" என்கிறாள். சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அழுகிறாள்.

ரேஃபோர்டைப் பற்றிப் படித்ததும் சிலேட்டை உடைத்துவிட்டேன்.

நீயே யோசித்துப் பார். செவ்வாய்க்கிழமை பஸ் நிலையச் சாப்பாட்டு மேடையில் வெள்ளைக்காரர்களுக்கான முக்காலிகளில் போய் உட்கார்ந்தது நாங்கள் ஒன்பது பேர். என் மடியில் கொதிக்கிற காப்பியை ஊற்றினார்கள், கேட்டோவின் கழுத்தில் சிகரெட்டை அணைத்தார்கள், கடைசியில் காலரைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். ஆனால் யாரும் பெயர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. வியாழக்கிழமை அவர்கள் கையில் ஒன்பது பெயர் எப்படி வந்தது?

அதைவிட, ரேஃபோர்ட் எங்களோடு வரவே இல்லை. அந்த நேரத்தில் அவன் விடியற்கால வேலை முடித்துவிட்டு விடுதிச் சமையல்கட்டில் மாவு மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தான் என்று கேட்டோ எழுதியிருக்கிறான். பிறகு அவன் பெயரை யார் கொடுத்தது?

இங்கே எனக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. உனக்கு ஏதாவது காதில் விழுந்தால் உடனே எழுது.

பாலும் கோபமும் குடித்து உயிர் வாழும்
வான்சீல்

*

ஹெப்ரோன்,
மார்ச் 18

அன்புள்ள வான்சீல்,

நானும் அம்மாவும் நலம். வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ரேஃபோர்டின் அடக்க ஆராதனை நம் ஜெபக்கூடத்தில்தான் நடந்தது. அவனுடைய அம்மா பெட்டியை மூட விடவில்லை. "எம் பிள்ளைய என்ன பண்ணாங்கன்னு எல்லாரும் பாருங்க. ஒருத்தர்கூட தலைய திருப்பக் கூடாது" என்றாள். அறுநூறு பேருக்கு மேல் வரிசையில் போய்ப் பார்த்தோம். முகம் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. லெமுவேல் ஆர்கன் வாசித்தான். ஓர் இடத்தில் அவன் கை நின்றுவிட்டது. நாங்கள் காத்திருந்தோம். அவன் மறுபடி தொடங்கினான்.

பல்கலைக்கழகத் தலைவர் தன் உரையில் பழைய கதையைச் சொன்னார். முதல் கட்டடத்தை முகமூடி போட்ட வெள்ளைக்காரர்கள் எரித்த 1874-இல் இரண்டு மாணவர்களை இழுத்துக்கொண்டு போனார்கள். தீயை அணைக்கும் பதற்றத்தில் இரண்டு பேர் குறைவது யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஆற்றில் கிடைத்தார்கள். உடனே தேடியிருந்தால் உயிரோடு கிடைத்திருக்கலாம். அதற்குப் பிறகுதான் ஜெபக்கூடத்தில் ஒவ்வோர் இருக்கைக்கும் பித்தளை எண் வைத்தார்கள். தினமும் காலையில் காலி இருக்கைகளைப் புத்தகத்தில் எழுதும் வழக்கமும் அப்போது வந்தது. எழுதுவது தண்டிக்க அல்ல, தேடிப் போக. "நம்ம கறுப்புப் பிள்ளைங்க எத்தன பேருன்னு இந்த நாட்டுல யாரும் எண்ணல. நாமதான் எண்ணினோம்" என்றார். எண்பத்தாறு வருடமாக ஒரு நாளும் விடவில்லையாம்.

அதைச் சொல்லும்போது என் கையில் இருந்த புத்தகத்தைப் பலரும் பார்த்தார்கள். இந்த வருடம் எழுதுவது நான் என்பதால். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டியலைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீ முதலில் உடம்பைத் தேற்று.

அன்புடன்
டேலியா

*

கோல்டர்ஸ் க்ரீக்,
மார்ச் 23

அன்புள்ள டேலியா,

உங்கள் எல்லோருக்கும் சுகம் உண்டாகட்டும். எனக்கு இப்போது பால் குடித்தால் மூக்கில் வருவதில்லை. அதுவே முன்னேற்றம்.

ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதிப் பார்த்தேன். இந்தப் பக்கம் மேடையில் உட்கார்ந்த ஒன்பது பேர். அந்தப் பக்கம் அவர்கள் படித்த ஒன்பது பேர். எட்டுப் பெயர் ஒன்றுதான். அங்கே கூடுதலாக இருப்பது ரேஃபோர்ட், இல்லாமல் போனது லெமுவேல்.

லெமுவேல் என் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் தோளிலும் காப்பி கொட்டியது. அப்படியிருக்க, அவனை மட்டும் எப்படி விட்டார்கள்? தன் பெயரை விட்டுவிட்டு எட்டுப் பேரைச் சொன்னவன், எண்ணிக்கை குறையக் கூடாது என்று ஒரு பாவப்பட்டவன் பெயரையும் சேர்த்திருக்கிறான். எவ்வளவு யோசித்தாலும் இதுதான் வருகிறது. செத்தவனுக்கே ஆர்கன் வேறு வாசித்திருக்கிறான்!

ஆனாலும் உன்னைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்று நினைக்கிறேன். அவனை நீ கவனித்திருப்பாய். நீ பேசுவதில்லையே தவிர எல்லாவற்றையும் பார்க்கிறவள். அவன் யாரையாவது சந்தித்தானா, எங்காவது போனானா? ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது.

வான்சீல்

*

கோல்டர்ஸ் க்ரீக்,
மார்ச் 31

டேலியா,

நீ நலமாகத்தான் இருப்பாய். நலமில்லை என்றால் சித்தி எழுதியிருப்பாள்.

ஒரு வாரம் தபால்காரரை வாசலில் நின்று பார்த்தேன். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இனி காத்திருக்க என்னால் முடியாது. கேட்டோவுக்கு எழுதிவிட்டேன். பாண்டு வாத்தியப் பையன்களோடு பேசி என்ன செய்ய வேண்டுமோ செய்யட்டும்.

வான்சீல்

*

ஹெப்ரோன்,
ஏப்ரல் 4

அன்புள்ள வான்சீல்,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். தேர்வுகள் இருந்தன. இங்கே எல்லோரும் நலம். டாக்வுட் மரங்கள் பூத்துவிட்டன, வாசலில் மட்டும் இந்த வருடம் பூக்கவில்லை. வண்டிகள் ஏறி வேர் நசுங்கிவிட்டது என்று தோட்டக்காரர் சொல்கிறார்.

லெமுவேலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவசரப்பட வேண்டாம் என்று கேட்டோவிடம் சொல். பட்டியலில் ஒரு பெயர் விடுபட ஆயிரம் காரணம் இருக்கலாம்.

பெரியம்மாவுக்கு என் அன்பு.
டேலியா

*

ஹெப்ரோன்,
ஏப்ரல் 11

வான்சீல்,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. இந்தக் கடிதத்தை முழுக்கப் படி, அது போதும்.

சனிக்கிழமை மத்தியானம் கேட்டோவும் இன்னும் நான்கு பேரும் லெமுவேலை இசைக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள். நான் அதன் வெளிப்புற மாடிப்படியில் இருந்தேன். ஜன்னல்கள் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"உன் பேரு மட்டும் எப்படிடா இல்லாமப் போச்சு?"

"சத்தியமா எனக்கே தெரியலடா கேட்டோ. நானும் அதையேதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"வான்சீல் வாயத் திறக்க முடியாம கெடக்கா. ரேஃபோர்டு மண்ணுக்குள்ள கெடக்கான். நீ ஆர்கன் வாசிக்கிற!"

முதலில் குத்துகள் விழுந்தன. நாற்காலி ஒன்று உடைந்தது. பிறகு யாரோ, "கையப் பிடிங்கடா" என்றார்கள். அவன் விரல்களைப் பியானோவின் கட்டைகள்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு மூடியை அறைந்து சாத்தினார்கள், மூன்று முறை. முதல் முறை பியானோவும் அவனும் சேர்ந்து கத்தினார்கள். மூன்றாம் முறை பியானோ சத்தம் மட்டும்தான் வந்தது.

நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நின்றிருக்கும். சொல்லத்தான் அங்கே போயிருந்தேன். உன் மார்ச் 31 கடிதம் என் பையில் இருந்தது. பதினான்கு படிகள்தான். ஏழாவது படியில் நின்றுவிட்டேன். வலது கையில் நான்கு விரல் முறிந்திருக்கிறது. இனி அவன் வாசிக்கப் போவதில்லை.

அந்த வாக்கியத்தை இப்போது உனக்கு எழுதுகிறேன். பட்டியல் என் புத்தகத்திலிருந்து போனது.

செவ்வாய்க்கிழமை காலை நீ என்ன சொன்னாய் என்று நினைத்துப் பார். "என் சீட்டு காலின்னு நல்லாப் பெருசாப் போடுடி. மத்தியானத்துக்குள்ள திரும்பலன்னா யாராவது தேடி வரணுமில்ல" என்றாய். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். நான் போட்டேன். ரேஃபோர்டின் இருக்கையும் காலி, அதையும் போட்டேன். அவன் மாவு மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. புத்தகம் நமக்கு எதிராகத் திரும்பும் என்று நாம் யாருமே நினைக்கவில்லை. அதுவரைக்கும் அது என் தவறில்லை என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் புதன்கிழமை மிஸ் பர்ச் தன் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டாள். மாணவிகளுக்குத் தலைவியான அவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம் அறங்காவலர் குழுவில் இருக்கும் பஞ்சாலைக்காரர். மேசையில் செவ்வாய்க்கிழமைப் பக்கம் தட்டச்சு செய்யப்பட்டுக் கிடந்தது.

"இது சரியா இருக்கான்னு பார்த்துக் கையெழுத்துப் போடும்மா" என்றாள் மிஸ் பர்ச். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எதுக்கு மேடம்?" என்றேன்.

அந்த ஆள் சிரித்தார். "கெட்டிக்காரப் பொண்ணு. உன் கையெழுத்து ரொம்ப அழகு" என்றார்.

எனக்குப் புரிந்தது, வான்சீல். புரியாமல் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். எதற்கு என்று தெரிந்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். பயம். படிப்பு போய்விடும், அம்மாவின் வேலை போய்விடும், இந்த அறையிலிருந்து எப்படி வெளியே போவது, இவ்வளவுதான் மனதில் ஓடியது. அன்று மாலை உங்கள் ஒன்பது பேரிடமும் வந்து ஓடிப்போங்கள் என்று சொல்லியிருக்கலாம். அறைக்கு வந்து உன்னோடு உட்கார்ந்து உன் காப்பிச் சூட்டுக் காயத்துக்கு மருந்து தடவினேன். எதுவும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. லெமுவேலின் இருக்கையும் அன்று காலி. அதை மட்டும் நான் போடவில்லை. அவன் கேட்கவில்லை, அவனுக்கு இது தெரியவே தெரியாது. இந்த இரண்டு வருடத்தில் அவன் என்னோடு நான்கு தடவை பேசியிருக்கிறான். நான்கும் என்ன என்று என்னால் சொல்ல முடியும். தினமும் வாசிக்கிறவன் காணவில்லை என்று புத்தகத்தில் எழுத என் கை வரவில்லை. உன் பெயரை எழுதிய கைதான். நான் அவனை எழுதாமல் விட்டதால்தான் அவன் துரோகி ஆனான்.

டேலியா

*

கோல்டர்ஸ் க்ரீக்,
ஏப்ரல் 17

ஜெபக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொல். லெமுவேல் அங்கே இருக்கும்போது சொல். அதுவரை எனக்கு எழுதாதே.

கேட்டோவுக்கு எழுதியது நான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு உன் ஆறுதல் எனக்கு வேண்டாம்.

வான்சீல்

*

போதகர் வீடு, ஹெப்ரோன் சாலை,
ஏப்ரல் 28

அன்புள்ள வான்சீல்,

பெரியம்மாவுக்கு வணக்கம் சொல். உன் கம்பியை எடுத்திருப்பார்கள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டேன். அன்றுதான் லெமுவேல் மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்தான். கை முழுக்க மாவுக்கட்டு. முதல் பாட்டுக்கு முன்னால் நான் மேடையேறினேன்.

"மிஸ் மேப்ரி, உங்க இடத்துக்குப் போங்க" என்றார் தலைவர்.

"நான் ஒண்ணு சொல்லணும்."

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "சத்தமாச் சொல்லுடி, கேக்கல!" என்று கத்தினாள். சத்தமாகச் சொன்னேன். புத்தகம், தட்டச்சுத் தாள், நாற்காலியில் இருந்த ஆள், என் கையெழுத்து. மிஸ் பர்ச் எழுந்து, "இந்தப் பொண்ணுக்குப் புத்தி சரியில்ல" என்றாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. கேட்டோ தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு வரிசைக்கு நடுவே குனிந்து வாந்தி எடுத்தான்.

லெமுவேல் எழுந்து நின்றான். "என் பேர மட்டும் ஏன் விட்ட?" என்றான். அவன் என்னோடு பேசியது இது ஐந்தாவது முறை.

அறுநூறு பேர் முன்னால் வேறு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "உன்ன எனக்குப் பிடிக்கும். அதனால" என்றேன். எங்கோ ஒருவன் சிரித்தான். அது தொற்றிக்கொண்டு கூடம் முழுக்கச் சிரிப்பாகி, உடனே அறுந்தது.

அவன் சிரிக்கவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றான். உட்கார்ந்துவிட்டான்.

ரேஃபோர்டின் தங்கை முன்வரிசையிலிருந்து வந்து என்னை அறைந்தாள். இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது. நான் கையைத் தூக்கவில்லை. யாரும் தடுக்கவுமில்லை. ஓய்ந்ததும் அவளே என் தோளில் சாய்ந்து அலறினாள். அவளை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மத்தியானத்துக்குள் மாணவர்கள் இருக்கைகளிலிருந்து பித்தளை எண்களைக் கழற்ற ஆரம்பித்தார்கள். கத்தியாலும், நாணயத்தாலும், வெறும் நகத்தாலும். அறுநூற்று நாற்பது எண்களையும் கொண்டுபோய் மிஸ் பர்ச்சின் கதவில் எறிந்தார்கள். கதவு பிளந்துவிட்டது. இனி யாராவது காணாமல் போனால் எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கும் இல்லை.

என்னை நீக்கிவிட்டார்கள். போதகரின் மனைவி பின்னறை கொடுத்திருக்கிறாள். நேற்று அவர்கள் வீட்டுக் கோழிகளையெல்லாம் யாரோ கழுத்தைத் திருகி வாசலில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பதினொன்று. "நல்ல வேள, எல்லாம் கெழட்டுக் கோழி" என்று சொல்லிவிட்டு அவள் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

உன் பதிலை எதிர்பார்க்கவில்லை. சொல்லும்வரை எழுதாதே என்றாய், சொல்லிவிட்டதால் எழுதினேன்.

டேலியா

*

கோல்டர்ஸ் க்ரீக்,
மே 20

டேலியா,

உன் உதடு ஆறியிருக்கும். என் கம்பியை எடுத்துவிட்டார்கள். வாய் இரண்டு விரல் அகலம் திறக்கிறது. பேச்சு முன்பு போல் இல்லை, குடித்தவள் போல் குழறுகிறது. அம்மா சிரிக்காமல் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

உன் கடிதம் தாமதமாகத்தான் என் கைக்கு வந்தது. சாலையோரத் தபால் பெட்டியை யாரோ வேட்டைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டார்கள். புல்லில் கிடந்ததைத் தம்பி பொறுக்கிக்கொண்டு வந்தான். ஒன்பது ஓட்டை. மிச்சம் இருந்ததைப் படித்தேன், போதுமானது இருந்தது.

லெமுவேலுக்கு நான் எழுதினேன். என்ன எழுதினேன் என்பது உனக்கு வேண்டாம். அவன் இடது கையால் இரண்டு வரி பதில் போட்டிருக்கிறான். அதுவும் உனக்கு வேண்டாம்.

மாண்ட்கமரியிலிருந்து ஒரு வக்கீல் வந்தார், நம் ஆள். ரேஃபோர்டின் அம்மாவுக்காக வழக்கை மத்திய நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார். அடி வாங்கியவர்கள் சொன்னால் மட்டும் நிற்காதாம். தாள் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று கண்ணால் பார்த்த ஒருவர் வேண்டுமாம். மிஸ் பர்ச் பேச மாட்டாள். இருப்பது நீ ஒருத்திதான்.

"அந்தப் பொண்ணு வருமா? பயந்த சுபாவம்னு சொல்றாங்களே" என்று கேட்டார்.

"பயந்துதான் வருவா. ஆனா வருவா" என்றேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

விசாரணை ஜூன் 6, திங்கட்கிழமை, மாண்ட்கமரியில். நான் ஏழு மணிக்கு இங்கே பஸ் ஏறுகிறேன். ஏழே முக்காலுக்கு அது உங்கள் சாலை முனைக்கு வரும். போதகர் உன்னோடு வந்து நிற்கட்டும், தனியாக நிற்காதே. தொப்பிக்காரரும் துப்பாக்கிக்காரனும் நீதிமன்ற அறையில் நமக்கு எதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார், ஆனால் என்னோடு பேசாதே. மாண்ட்கமரி வரும்வரை ஒரு வார்த்தை வேண்டாம்.

உள்ளே போனதும் பேசு.

சித்திக்கு என் அன்பு.
வான்சீல்